மொட்டைமாடிப் பையில் காய்ந்த மண் செத்துப்போய்விட்டதா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் மொட்டைமாடியில் இருபது பைகளில் காய்கறி போடுகிறார். பங்குனியோடு செடிகள் முடிந்துவிட, பைகள் சும்மா கிடக்கின்றன. வெயிலில் மண் பொடியாகக் காய்கிறது. நினைவு வரும்போது போய் பைக்கொரு சொம்பு தண்ணீர் ஊற்றுகிறார். நாலு நாளில் மறுபடி காய்ந்துவிடுகிறது. இப்படியே இரண்டு மாதம். 'திரும்பத் திரும்பக் காய்ந்து நனைந்த மண்ணில் நுண்ணுயிர்கள் மிச்சம் இருக்குமா? அவை இதற்குப் பழகிக்கொள்ளுமா? இல்லை, ஆடிப்பட்டத்துக்கு முன்னால் பாட்டிலில் விற்கும் உயிர் உரத்தை வாங்கி ஊற்றித்தான் ஆகவேண்டுமா?' என்று கேட்கிறார்.

மண் சாகவில்லை. பாட்டிலும் அவசியமில்லை. ஆனால் இதோடு நிறுத்தினால் பதில் அரைகுறையாகிவிடும். காய்ந்து நனைந்து காயும் ஒவ்வொரு சுற்றிலும் நுண்ணுயிர்கள் பிழைத்துக்கொள்கின்றன, சரி. ஆனால் சும்மா பிழைப்பதில்லை, ஒரு செலவு செய்து பிழைக்கின்றன. அந்தச் செலவுக்கான பணம் உங்கள் பையில் இருக்கும் மட்கிலிருந்து போகிறது. மண் நுண்ணுயிர் ஆய்வகத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில், 'எத்தனை உயிர் மிச்சம்' என்பதைவிட 'எவ்வளவு செலவானது, அதைத் திருப்பி நிரப்ப யாராவது இருந்தார்களா' என்ற கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

முதலில் மண் காய்வதைப் பார்ப்போம். ஒரு பாக்டீரியா ஏறத்தாழ ஒரு மைக்ரான் நீளம், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அது வாழ்வது மண்ணில் இல்லை, மண் துகளைச் சுற்றி ஒட்டியிருக்கும் தண்ணீர்ப் படலத்தில். மண் காயக் காயப் பெரிய துவாரங்களில் இருக்கும் தண்ணீர் முதலில் போகும், அப்புறம் சிறியவை. கடைசியில் துகளின் மேல் மிஞ்சும் படலம் பாக்டீரியாவின் உடலைவிட மெல்லியதாகிவிடும். அப்போது அதனால் நகர முடியாது. பக்கத்துத் துவாரத்தில் உணவு இருந்தாலும் கரைந்து வந்து சேர வழி இல்லை. காய்ந்த மண்ணில் பல நுண்ணுயிர்கள் தாகத்தால் வாடுவதற்கு முன்பே பட்டினியில் மாட்டிக்கொள்கின்றன. இத்தனைக்கும் செடிகளைவிட அவை பல மடங்கு தாக்குப்பிடிப்பவை. பெரும்பாலான பயிர்கள் வாடிவிடும் எல்லை, மண் நீரின் இழுவிசை (மண் தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்ளும் பலம், காயக் காயக் கூடும்) 1.5 மெகாபாஸ்கல் ஆகும்போது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மண் நுண்ணுயிர்களின் சுவாசம் ஏறக்குறைய நிற்பது சராசரியாக 14 மெகாபாஸ்கல் பக்கத்தில் என்று தெரிந்தது. தக்காளிச் செடி தலை தொங்கிய பிறகும் நெடுநேரம் கீழே வேலை நடந்துகொண்டுதான் இருக்கும்.

அடுத்தது நனைவது. 'காய்ந்தால் கஷ்டம், தண்ணீர் வந்தால் விடுதலை' என்றுதான் நாம் நினைப்போம். மண்ணுக்குள் கதை வேறு. நன்றாகக் காய்ந்த ஒரு மண்கட்டியை வெள்ளைத் தட்டில் வைத்து அதன் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தண்ணீர் உள்ளே பாயும்போது அங்கே அடைபட்டிருந்த காற்று அழுத்தப்பட்டு, கட்டி பொட்டுப் பொட்டென்று வெடித்துச் சரியும். காதை அருகில் வைத்தால் மெல்லிய சத்தம்கூடக் கேட்கும். அதுவரை கட்டிக்குள் யாருக்கும் எட்டாமல் பூட்டிக் கிடந்த மட்குத் துணுக்குகள் வெளியே வந்துவிடும். செல்லுக்குள்ளும் இதே மாதிரி ஒரு நெருக்கடிதான். காய்ந்த காலத்தில் உள்ளே கெட்டியாகிக் கிடந்த கரைசலை நோக்கி வெளித் தண்ணீர் விசையோடு பாய்கிறது. சவ்வு உப்புகிறது. சில நொடிகளுக்குள் உள்ளிருப்பதை வெளியே கொட்டாவிட்டால் வெடித்துவிடும். இதற்காகவே பாக்டீரியாக்களின் சவ்வில் அவசரக் கதவு போல இயங்கும் புரதங்கள் இருக்கின்றன. சவ்வு இழுபட்டதும் அவை திறந்து, உப்பும் சர்க்கரையும் அமினோ அமிலமும் பீறிட்டு வெளியேறும். கதவு திறந்தது பிழைக்கும், திறக்காதது சிதறும். 1987-ல் கலிஃபோர்னிய மண்களில் இதை அளந்தவர்கள், ஒரே ஒரு திடீர் நனைப்பில் நுண்ணுயிர்த் திரளின் கார்பனில் 17 முதல் 70 சதவீதம் வரை வெளியே வந்துவிடுவதாகக் கண்டார்கள். நீங்கள் சொம்புத் தண்ணீர் ஊற்றிய அந்த ஒரு நிமிடத்தில் நடப்பது இது.

வெளியே வந்தது வீணாகக் கிடப்பதில்லை. தப்பித்தவை அதன் மேல் பாய்ந்து தின்கின்றன. ஆய்வகத்தில் இதை நேரில் பார்க்கலாம். காய்ந்த மண்ணை ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடி, ஊசி வழியாகத் தண்ணீர் விட்டு, கார்பன் டை ஆக்ஸைடு அளக்கும் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தால், செத்த மாதிரி தரையில் கிடந்த கோடு சில நிமிடங்களில் எழுந்து ஏறத் தொடங்கும். எப்போதும் ஈரமாக வைத்திருந்த மண்ணைவிடப் பல மடங்கு மேலே போய், ஓரிரு நாளில் இறங்கிவிடும். எத்தனை முறை பார்த்திருந்தாலும் அந்தக் கோடு எழும்பும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கத்தான் செய்கிறது.

இதற்கு 'பர்ச் விளைவு' என்று பெயர். கென்யாவில் நைரோபிக்குப் பக்கத்தில் முகுகா என்ற இடத்திலிருந்த ஆய்வு நிலையத்தில் ஹெச். எஃப். பர்ச் என்பவர் 1950-களில் இதை விரிவாக ஆராய்ந்தார். 1958-ல் வந்த அவருடைய கட்டுரைதான் இன்றைக்கும் எல்லோரும் தொடங்கும் இடம். கிழக்கு ஆப்பிரிக்காவில் நீண்ட கோடைக்குப் பிறகு முதல் மழை பெய்ததும் மண்ணில் நைட்ரேட் திடீரென்று கூடுகிறதே, ஏன் என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. மண்ணைக் காயவைத்து நனைத்தார். மறுபடி காயவைத்து மறுபடி நனைத்தார். ஒவ்வொரு முறையும் கார்பன் டை ஆக்ஸைடும் தழைச்சத்தும் பொங்கின. சுற்றுகள் கூடக் கூட அந்தப் பொங்கல் சிறிதாகிக்கொண்டே போனது. மண் எவ்வளவு நேரம் காய்ந்திருந்தது, அதில் எவ்வளவு மட்கு இருந்தது என்பதைப் பொறுத்து அளவு மாறியது.

இந்த இடத்தில் 1037-ஆம் குறளைச் சொல்லாமல் என்னால் தாண்ட முடியாது. 'தொடிப்புழுதி கஃசா உணக்கின் பிடித்தெருவும் வேண்டாது சாலப் படும்.' ஒரு பலம் புழுதி கால் பலமாகும் அளவுக்கு உழுது காயவிட்டால், ஒரு பிடி எருகூட வேண்டாம், நிறைய விளையும் என்கிறது. வள்ளுவருக்கு பாக்டீரியாவைப் பற்றித் தெரியும் என்று நான் சொல்ல வரவில்லை. உழவர் கண்ணால் கண்டதை அவர் பதிந்திருக்கிறார். விளைச்சல் கூடுவதற்கான காரணங்களில் ஒன்று பர்ச் அளந்த அந்தத் தழைச்சத்துப் பொங்கல்தான். கோடை உழவு கோடி நன்மை என்று நம் ஊரில் சொல்வதிலும் இதற்கு ஒரு பங்கு உண்டு. ஆனால் எரு வேண்டாமல் விளைந்தால், எரு எங்கிருந்தோ வந்திருக்கிறது என்று அர்த்தம். மண்ணில் சேர்ந்திருந்த மட்கும், செத்த நுண்ணுயிர்களின் உடலும்தான் அந்த எரு. வருடத்துக்கு ஒருமுறை, அதுவும் பயிர் வேர் விட்டு அதை உறிஞ்சிக்கொள்ளத் தயாராக நிற்கும் நேரத்தில் பொங்கினால் அது வரவு. வேரே இல்லாத பையில் வாரம் ஒருமுறை பொங்கினால் வெறும் செலவு.

நுண்ணுயிர்கள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்ற கேள்விக்குப் பாடப்புத்தகங்களில் ஒரு விடை நிலையாக இருந்தது. மண் காயும்போது செல்கள் புரோலின், டிரெஹலோஸ், கிளைசின் பீட்டெய்ன் போன்ற சிறு மூலக்கூறுகளை உள்ளே சேர்த்துக்கொள்ளும், அதனால் தண்ணீர் வெளியேறாமல் பிடித்துக்கொள்ளும், நனைந்ததும் அவற்றைக் கொட்டிவிடும் என்பது அந்த விடை. சோதனைக்குழாயில் வளர்க்கும் பாக்டீரியாக்களில் இது சந்தேகமில்லாமல் நடக்கிறது. ஜோஷ்வா ஷிமெல் என்ற அமெரிக்க மண் சூழலியலாளர், கூட இருவருமாக 2007-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். ஒரு புல்வெளியில் ஒரே ஒரு வறட்சிக்கு நுண்ணுயிர்கள் இப்படிச் சேர்க்கும் பொருளின் மதிப்பு, அந்தப் புல்வெளி ஒரு வருடம் முழுக்க ஒளிச்சேர்க்கையில் சேர்க்கும் நிகரக் கார்பனில் 3 முதல் 6 சதவீதம் வரை வரலாம் என்றார்கள். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் ஒரு கோடையைக் கடக்க இவ்வளவு செலவா என்று எல்லோரும் மலைத்தார்கள். அதே ஷிமெலின் குழு பிறகு கலிஃபோர்னியப் புல்வெளிக்கே போய், பருவம் முழுக்க மண் எடுத்து அந்த மூலக்கூறுகளை அளந்தது. 2013-ல் வெளியான முடிவு, கோடையில் அவை கூடவே இல்லை என்றது. தங்கள் கணக்கைத் தாங்களே போய்ச் சோதித்து, பொருந்தவில்லை என்று அச்சில் போட்டவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஏன் சேரவில்லை? உணவு வந்து சேராத காய்ந்த மண்ணில் விலை உயர்ந்த அமினோ அமிலத்தைச் செய்து குவிக்க எந்த செல்லுக்குக் கட்டுப்படியாகும் என்று யோசித்தால் விடை ஓரளவு புரியும். அதைவிட மலிவான வழி தூங்கிவிடுவது. மண்ணில் தூக்கம்தான் பொது வழக்கம், விழிப்புதான் அபூர்வம். எந்த ஒரு நேரத்திலும் மண்ணின் நுண்ணுயிர்த் திரளில் உண்மையாக வேலை செய்துகொண்டிருப்பது பெரும்பாலும் 0.1 முதல் 2 சதவீதம்தான், 5 சதவீதத்தைத் தாண்டுவதே அரிது. மற்றவை வளர்சிதை மாற்றத்தைக் குறைத்துக்கொண்டு காத்திருக்கின்றன. பேசிலஸ் வகை பாக்டீரியாக்கள் தடித்த ஓடு கொண்ட வித்துகளாக மாறிவிடும். வித்து செய்யத் தெரியாதவையும் அப்படியே சுருங்கி ஒடுங்கிக் கிடக்கும். சில வகைகள் தங்களைச் சுற்றி வழவழப்பான சர்க்கரைக் கூழைச் சுரந்து அதற்குள் ஒளிந்துகொள்கின்றன. பஞ்சு போலத் தண்ணீரைப் பிடித்து வைக்கும் அந்தக் கூழ் மெதுவாகத்தான் காயும். அதைவிட முக்கியம், அது மெதுவாகத்தான் நனையும். திடீர் வெள்ளத்துக்கும் செல்லுக்கும் நடுவில் ஒரு மெத்தை போல. பூஞ்சைகளின் வழி வேறு. அவற்றின் இழைகள் காற்று நிரம்பிய இடைவெளியையும் தாண்டிப் பாலம் போடும். ஒரு முனை காய்ந்திருந்தாலும் இன்னொரு முனை ஈரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

தூங்கியவை எல்லாம் ஒரே நேரத்தில் எழுவதும் இல்லை. கலிஃபோர்னியப் புல்வெளி மண்ணை வைத்து 2012-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், நனைத்த பிறகு எந்தக் கூட்டம் எப்போது விழிக்கிறது என்று பார்த்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் விழிப்பவை ஒரு கூட்டம், ஆக்டினோபாக்டீரியாக்கள் அதில் உண்டு. 3 முதல் 24 மணி நேரத்துக்குள் இன்னொரு கூட்டம், 24 முதல் 72 மணி நேரத்துக்குள் மூன்றாவது கூட்டம். உறவுக்கார இனங்கள் ஒன்றாகவே விழித்தன. அதாவது விழிக்கும் நேரம் குடும்பக் குணமாக வருகிறது. முதல் மழையில் வரும் மண்வாசனையும் இந்த ஆக்டினோபாக்டீரியாக் குடும்பத்தின் கைவரிசைதான். ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற வகை செய்யும் ஜியோஸ்மின் என்ற பொருள் அந்த வாசனையின் முக்கியப் பங்கு. பையில் தண்ணீர் ஊற்றியதும் மண் மணத்தால் உள்ளே ஒன்றுமே இல்லை என்று பயப்பட வேண்டாம். மணப்பதே அவர்கள் விட்டுப்போன முகவரி.

இதுவரை சொன்னது ஒரு சுற்றின் கதை. நீங்கள் கேட்டது திரும்பத் திரும்ப நடந்தால் என்ன ஆகும் என்பது. இங்கேதான் விஷயம் சுவையாகிறது, மண்ணுக்கு நினைவு இருக்கிறது.

நோவா ஃபியரர் என்ற மண் நுண்ணுயிர் ஆய்வாளரும் ஷிமெலும் கலிஃபோர்னியாவில் இரண்டு இடத்து மண்ணை எடுத்தார்கள். ஒன்று திறந்த புல்வெளி, இன்னொன்று ஓக் மர நிழல். இரண்டு மாதத்துக்குள் சில மாதிரிகளை ஒரு முறையும் காயவைக்கவில்லை, சிலவற்றை ஒருமுறை, சிலவற்றை இரண்டு, நாலு, ஆறு, ஒன்பது என்று போய், கடைசியில் 15 முறை காயவைத்து நனைத்தார்கள். புல்வெளி மண்ணின் பாக்டீரியாக் கூட்டம் அசையவில்லை. ஓக் நிழல் மண்ணின் கூட்டம் மாறிப்போனது. அதன் சுவாசம் கடைசிச் சுற்று முடிந்து ஆறு வாரம் ஆன பிறகும் குறைந்தே இருந்தது. அவர்கள் சொன்ன காரணம் எளிமையானது. புல்வெளியின் மேல்மண் இயல்பாகவே வெயிலில் அடிக்கடி காய்ந்து நனைகிறது. தாங்க முடியாதவை என்றைக்கோ கழிந்து, தாங்குபவை மட்டும் அங்கே குடியிருக்கின்றன. நிழலில் வளர்ந்தவைக்கு அந்தப் பழக்கம் இல்லை.

கான்ஸாஸ் மாநிலத்துக் கோன்ஸா புல்வெளியில் இதைப் பெரிய அளவில் செய்தார்கள். 1998 முதல் சில பாத்திகளுக்கு மேல் கூரை போட்டு, பெய்யும் மழையைப் பிடித்து வைத்து, மொத்த அளவைக் குறைக்காமல் மழைகளுக்கு இடையிலான இடைவெளியை மட்டும் 50 சதவீதம் நீட்டினார்கள். பத்து வருடத்துக்கு மேல் இப்படி நடந்த பிறகு அந்த மண்ணை எடுத்து, சாதாரண மழை பெற்ற மண்ணோடு சேர்த்து ஆய்வகத்தில் 115 நாள் காயவைத்து நனைத்தார்கள். கடுமையான இடைவெளிக்குப் பழகிய மண்ணில் பாக்டீரியாக் கூட்டம் ஏறக்குறைய அப்படியே நின்றது. பழகாத மண்ணில் கூட்டம் மாறியது. ஆனால் இரண்டிலும் சுவாசம் ஒரே மாதிரிதான் இருந்தது. யார் வேலை செய்கிறார்கள் என்பது மாறினாலும், மட்கைத் தின்று காற்றை விடும் அந்தப் பொது வேலை நின்றுவிடுவதில்லை. மட்கைத் தின்னத் தெரிந்தவை ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒன்று போனால் அடுத்தது உட்கார்ந்துகொள்ளும்.

ஸ்வீடனில் லுண்ட் பல்கலைக்கழகத்துக் குழு இன்னொரு கோணத்தில் பார்த்தது. சுவாசத்தை விட்டுவிட்டு பாக்டீரியாக்களின் வளர்ச்சியை அளந்தார்கள். சில நாள் மட்டும் காய்ந்த மண் நனைந்தால் வளர்ச்சி உடனே தொடங்கி நேராக ஏறுகிறது. மாதக்கணக்கில் காய்ந்த மண் நனைந்தால், சுவாசம் உடனே பொங்கினாலும் வளர்ச்சி அரை நாளுக்கு மேல்கூட ஒன்றுமில்லாமல் கிடந்து, அப்புறம்தான் வேகம் பிடிக்கிறது. அந்த இடைவெளி நேரத்தில் கார்பன் எரிகிறது, உடம்பில் ஒட்டவில்லை. சம்பளம் முழுதும் வைத்தியச் செலவுக்குப் போவது போல. அதே மண்ணை மறுபடி மறுபடி காயவைத்து நனைத்தபோது, சுற்றுக்குச் சுற்று வளர்ச்சி சீக்கிரம் மீண்டது. ஆக, 'பழகிக்கொள்ளுமா' என்ற உங்கள் கேள்விக்கு நேரடியான விடை, பழகிக்கொள்ளும். இதில் தனிப்பட்ட செல் கற்றுக்கொள்வது ஒரு பகுதிதான். பெரும்பகுதி, தாங்காதவை விழுந்து, தாங்குபவையின் பிள்ளைகள் இடத்தைப் பிடிப்பது.

பழகியதற்கு ஒரு எல்லை உண்டு, அதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. ஒருவகை அடிக்குப் பழகினால் எல்லா அடிக்கும் பழகியதாகாது. ஸ்காட்லாந்தில் பிரையன் கிரிஃபித்ஸும் கூட்டாளிகளும் மேய்ச்சல் நிலத்து மண்ணைக் குளோரோஃபார்ம் புகையில் வெவ்வேறு நேரம் வைத்து, உயிர்ப்பன்மையைப் படிப்படியாகக் குறைத்தார்கள். பிறகு அதற்குக் கொஞ்ச நேரச் சூடோ செப்பு உப்போ கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டாவது அடி விழும்வரை பன்மை குறைந்த மண்ணும் பார்வைக்குச் சரியாகத்தான் வேலை செய்தது. விழுந்த பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது, பன்மை குறைந்த மண் அதிகம் தளர்ந்தது. முதல் அடியில் இழந்தது அடுத்த அடிவரை கண்ணில் படாது. திரும்பத் திரும்ப வரும் இடையூறுகளில் எனக்குக் கவலை தருவது இதுதான். இரண்டு அடிகளுக்கு நடுவில் மண்ணுக்குக் கிடைக்கும் அவகாசமும், அந்த அவகாசத்தில் அதற்குக் கிடைக்கும் உணவும் அடியின் பலத்தைவிட அதிகம் தீர்மானிக்கின்றன.

எல்லா வேலைக்கும் ஆயிரம் மாற்றாள் கிடையாது என்பதும் நினைவில் இருக்கட்டும். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றத் தெரிந்தவை சில குடும்பங்கள்தான், அவை மெதுவாக வளர்பவையும்கூட. செம்பு, பாதரசம், சில பூச்சிமருந்துகள் மாதிரியான விஷயங்களில் முதலில் அடிவாங்குவது பெரும்பாலும் இந்த மாதிரிக் குறுகிய கூட்டங்கள். மண் காய்வதை ஓரளவு தாங்கிக்கொள்கின்றன.

இடையூறையே சாதகமாக ஆக்கிக்கொண்ட ஒரு கதையையும் சொல்லவேண்டும், நம் வயலிலேயே இருக்கிறது. நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டும் முறை. செம்மை நெல் சாகுபடியில், தண்ணீர் சுண்டி மண்ணில் மயிரிழை போல வெடிப்பு தெரிந்ததும் 2.5 சென்டிமீட்டர் உயரத்துக்கு மறுபடி கட்டச் சொல்வார்கள். தண்ணீர் மிச்சமாவதோடு மீத்தேனும் கணிசமாகக் குறைகிறது. மீத்தேன் செய்யும் ஆர்க்கியாக்கள் (பாக்டீரியா மாதிரியே இருக்கும் வேறொரு வகை நுண்ணுயிர்கள்) ஆக்ஸிஜன் பட்டால் ஆகாதவை, வயலைக் காயவிட்டால் செத்துவிடும், அதனால்தான் குறைகிறது என்று பலர் எழுதுகிறார்கள். உண்மை அப்படி இல்லை. காயவிட்ட வயலிலும் அவற்றின் எண்ணிக்கை பெரிதாக விழுவதில்லை. வித்து செய்யத் தெரியாத உயிர்கள் அவை, ஆனாலும் ஒடுங்கிக்கொண்டு கிடக்கின்றன. ஜெர்மனியில் ரால்ஃப் கோன்ராட் குழு 2012-ல் பாலைவனம் உட்படப் பல நாட்டு உலர்மண்களை எடுத்து, தண்ணீர் ஊற்றிக் காற்றில்லாமல் மூடிவைத்தபோது, அவற்றிலிருந்தும் மீத்தேன் வந்தது. ஆக்ஸிஜனின் நச்சை முறிக்கும் நொதிக்கான மரபணுவும் அவற்றில் சிலவற்றிடம் இருக்கிறது.

அப்படியானால் மீத்தேன் ஏன் குறைகிறது? காயவிட்ட வயலில் ஒரு நெல் தூரைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். வேரைச் சுற்றித் துரு நிறத்தில் செம்மை படிந்திருக்கும். காற்றுப் பட்டதும் மண்ணிலுள்ள இரும்பு துருவாகிறது. மறுபடி தண்ணீர் கட்டும்போது, அந்தத் துருவை மூச்சுக்குப் பயன்படுத்தும் பாக்டீரியாக்கள் முந்திக்கொண்டு ஹைட்ரஜனையும் அசிட்டேட்டையும் தின்றுவிடுகின்றன. துரு தீரும்வரை மீத்தேன்காரர்களுக்கு இலை விழாது. துரு தீர்ந்து அவர்கள் முறை வரும்போது நீங்கள் மறுபடி காயவிட்டுவிடுகிறீர்கள். யாரையும் கொல்லாமல், பந்தியில் உட்காரும் வரிசையை மாற்றிவிடும் முறை இது. கூடவே ஒரு குறையும் உண்டு. காய்ந்து நனையும் மண்ணில் நைட்ரஸ் ஆக்ஸைடு கூடும். தழைச்சத்தை ஒரேயடியாகக் கொட்டாமல் பிரித்துப் போட்டால் அது ஓரளவு அடங்கும்.

சரி, உங்கள் பைகளுக்கு வருவோம். வயலுக்கும் புல்வெளிக்கும் பைக்கும் ஒரு பெரிய வேறுபாடு. வயலில் அடுத்த பயிரும் களையும் வேர் வழியாகச் சர்க்கரை கசியவிட்டு, செலவான கார்பனைத் திருப்பித் தருகின்றன. கீழே ஆழத்தில் ஈரம் இருக்கிறது, அங்கிருந்து நுண்ணுயிர்கள் மேலே குடிவர முடியும். உங்கள் பையில் வேர் இல்லை, ஆழமும் இல்லை. இந்த இரண்டு மாதத்தில் நீங்கள் ஊற்றிய ஒவ்வொரு சொம்பும் ஒரு பர்ச் பொங்கல். கார்பன் காற்றில் போனது. உண்டான நைட்ரேட் அடுத்த சொம்பில் பையின் அடித் துளை வழியாக ஒழுகிப்போனது. நல்ல எண்ணத்தோடு ஊற்றிய தண்ணீர்தான், ஆனாலும் சும்மா காயவிட்டிருந்தால் இழப்பு இதைவிடக் குறைவாக இருந்திருக்கும்.

பாட்டில் உயிர் உரத்தைப் பற்றி என் அபிப்பிராயம் இது. பயறு வகைகளுக்கு அதற்கேற்ற ரைசோபியம் என்ற வேர்முடிச்சு பாக்டீரியாவை விதையில் தடவுவது நல்ல பழக்கம், பலன் பார்த்திருக்கிறேன். ஆனால் பையின் மண் 'செத்துவிட்டது', அதை உயிர்ப்பிக்கலாம் என்று பாட்டிலை ஊற்றினால், வெளியிலிருந்து வந்த பாக்டீரியாக்கள் உள்ளூர்க்காரர்களின் போட்டியில் சில வாரங்களில் எண்ணிக்கை சரிந்துவிடும். காலியானது உணவு, ஆட்கள் இல்லை. அந்தப் பணத்துக்கு மண்புழு உரமோ நன்றாக மட்கிய தொழுவுரமோ வாங்குங்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஆடிப்பட்டத்துக்கு இரண்டு வாரம் முன்னால், காய்ந்த மண்ணில் மட்கிய உரத்தைக் கலந்துவிட்டு, மேலே காய்ந்த இலையோ தேங்காய் நாரோ இரண்டு விரல் கனத்துக்குப் போடுங்கள். முதல் நனைப்பைச் சொம்பால் செய்யாதீர்கள். சாயங்காலம் வெயில் இறங்கியதும் பூவாளியால் மூடாக்கு நனையும் அளவுக்குத் தெளித்துவிட்டு வந்துவிடுங்கள். மறுநாள் காலையில் இன்னும் கொஞ்சம், சாயங்காலம் இன்னும் கொஞ்சம். அடித் துளையில் தண்ணீர் எட்டிப்பார்க்கக் கூடாது. இப்படி மெதுவாக நனைந்தால் செல்களுக்குள் பாயும் வேகம் குறையும், வெடித்துச் சிதறுபவை குறையும், வெளியே வந்த தழைச்சத்தும் பைக்குள்ளேயே நிற்கும். நனைத்து மூன்றாவது நாளுக்குள் மெதுவாக விழிக்கும் கூட்டமும் எழுந்திருக்கும். அதற்குப் பிறகு விதைக்கும் வரை மூடாக்குக்குக் கீழே விரலை விட்டுப் பார்த்து, ஈரம் விடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அடுத்த பங்குனியில் செடிகளைப் பிடுங்காதீர்கள். தண்டை மண்மட்டத்தில் வெட்டிவிட்டு வேரை உள்ளேயே விடுங்கள். கோடையில் ஏதாவது வளர்க்க முடிந்தால் தட்டைப்பயறோ கீரையோ ஒரு பிடி தூவி, ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றுங்கள். வேர் இருக்கும்வரை செலவுக்கு வரவும் இருக்கும். முடியாது, ஊருக்குப் போகிறேன் என்றால் மேலே இலைதழையைப் போட்டு மூடி, நிழலுக்கு நகர்த்திவிட்டு, திரும்பி வரும்வரை ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றாமல் விட்டுவிடுங்கள். அவை தூங்கட்டும்.